பச்சை காட்டிய வட்டை

அந்தக் கம்பியூட்டரில் எந்தப் பிழையும் இல்லை, ஐயா. வீணாக அதைக் கழற்றிப் பார்க்க வேண்டாம்.

இடம்பெயர்ந்த சனம் பழுகாமத்துக்குத் திரும்பிய பிறகு, மிதிவெடி அகற்றும் நிறுவனம் அதைக் கொண்டுவந்தது. எங்கே மாடு மேய்ந்தது, எங்கே வெடித்தது என்று ஊரார் சொல்வதை வைத்து, எந்த வயல் பச்சை, எது சிவப்பு என்று அதுவே கணிக்கும். சிவப்பென்றால் தோண்டிப் பார்ப்பார்கள். பச்சையென்றால் இறங்கி உழலாம். ஊரார் சொல்வதை அதில் பதிவது என் வேலை.

ஒரு பெட்டியை நம்பி யார் கால் வைப்பார்? நான் வைத்தேன். அது பச்சை காட்டிய ஒவ்வொரு வயல் வட்டையிலும், எல்லோரும் பார்க்க, வெறுங்காலோடு முதலில் நடந்தேன். சனம் அதை நம்பியது. என் சொல் பிழைக்காததால் அதுவும் மற்றவர்களைவிட என்னை நம்பப் பழகியது.

அருமைநாயகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். தொண்ணூறில் இராணுவம் ஊரை வளைத்தபோது, முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு ஆட்களைக் காட்டிக்கொடுத்த தலையாட்டி அவன். சாக்குக்குக் கீழே அவனுடைய கோணல் கால் பெருவிரலைக் கண்டேன். என் தம்பி யோகராசாவுக்கு நேரே தலையை ஆட்டினான். தம்பியின் எலும்புகூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவனைக் காணும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இடப்பெயர்வின்போது கடைசியாக வெளியேறியவள் நான். அருமைநாயகத்தின் வயலில் மாடுகள் மிதிவெடியில் சிக்கிச் செத்ததை நான் மட்டுமே கண்டேன். ‘அங்கே மாடு மேய்கிறது’ என்று பதிந்தேன். சொன்னது நான் என்பதால் அது மறுகேள்வி கேட்காமல் பச்சை காட்டியது.

விதைப்புக்கு நல்ல நாள் பார்த்தார்கள். முதல் பிடி நெல்லை வீசுவது அவன் பெண்சாதி புஸ்பம். அவள் கைராசிக்காரி என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

“எனக்கு மாதத் துடக்கு. இண்டைக்கு வயலுக்க இறங்கேலா,” என்றேன். பெண்பிள்ளை அப்படிச் சொன்னால் யார் விசாரிப்பார்?

“அதுக்கென்னகா, நீ வரம்பில நில்லு,” என்று சிரித்தாள் புஸ்பம். “உன்ட பொட்டி பச்சை எண்டா காணும். நான் போறன்.”

அவனுக்கு வைத்த குறி தவறி அவள் செத்துப்போனாளா என்று கேட்கிறீர்கள். இல்லை, ஐயா. அவன் சாகக்கூடாது. என்னைப்போல அவனும் இருந்து எரியவேண்டும்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் என்னை அவனோடு சேர்த்து எழுதாதீர்கள். நான் சாக்குக்குள் ஒளிந்திருக்கவில்லை, தலையை ஆட்டவுமில்லை. என்னை நம்பிய ஒருவரையும் நான் காட்டிக்கொடுத்ததில்லை.