வாசலில் கூப்பிட்டவர்

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களைக் கரி எரித்து ஓட்டினார்கள். பெரம்பலூரில் இருந்து அரியலூர் போகிற பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. பஸ்ஸின் கரி அடுப்பு மறுபடி சூடேறும்வரை இறங்கிப் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். எனக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“கஞ்சாவ விட்டதுலேருந்து வூட்டுக்கு ஒருத்தரும் வரதில்ல தம்பி.”

“முன்னாடி மட்டும் யாருண்ணே வந்தா? அண்ணி செத்ததுலேருந்து நீங்க ஒண்டியாத்தானே இருக்கீங்க?”

“அந்தத் துக்கம் தாங்காமத்தானே இழுக்க ஆரம்பிச்சேன். மொதல்ல மனசு லேசாத்தான் இருந்துச்சு. அப்புறம் பயம் புடிச்சிருச்சு. யாரோ வாசல்ல நின்னு என் பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். கதவத் தொறந்தா ஆளிருக்காது. டாக்டர் திட்டுனாரு, விட்டுட்டேன்.”

“இப்பப் பயம் போயிருச்சுல்ல?”

“சுத்தமாப் போயிருச்சு. கூப்பிடவும் ஆளில்ல. நானாப் போயி கதவத் தொறந்து பாத்துட்டு வந்து உக்காந்துக்கிறேன்.”



கண்டக்டர், “ஏறுங்க, ஏறுங்க!” என்று பொதுவாகக் கூவினார்.

“இதோ வந்துட்டேங்க!” என்று எல்லாருக்கும் முன்னால் எழுந்து ஓடினார் அந்த அண்ணன்.