கிளியனூர் ரோட்டு பிரெஞ்சு சைக்கிள்

விடியற்காலை நாலு பத்து. திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகிற ரோடு. இரண்டு பக்கமும் புளியமரம். ஈ காக்கை கிடையாது... ஒரே ஒரு கார் மட்டும் போகிறது. உள்ளே இரண்டு பேர். பின் சீட்டில் ஒரு பழைய சைக்கிள் பிரேம். சக்கரம் இல்லை, செயின் இல்லை, பெடல் இல்லை. வெறும் இரும்பு.

அந்த இரண்டு பேரில் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை.

ஆஸ்வின், அந்த செல்போன் வெளிச்சத்தை அணை முதலில். கரண்ட் வரும்போது வரும். தேருக்கு சீரியல் விளக்கு கட்டியவன் நான், கவலைப்பட வேண்டியவனும் நான். சிரிக்கிறதென்றால் எழுந்து போய் மழையில் நின்று சிரி. முகையூர் முழுக்க இருட்டாகத்தான் இருக்கிறது, உன்னை யாரும் பார்க்கப் போவதில்லை.

இது எங்கேயோ காதில் விழுந்த கதை இல்லை. ஒயரிங் வேலைக்கு என்னோடு வருவானே பச்சைமுத்து, அவன் அக்கா மகனுக்கு நடந்தது. சீனுவாசன் என்று பெயர். விழுப்புரத்தில் தனியாக ரூம் எடுத்துத் தங்கி, மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தான். இரண்டாயிரத்துப் பன்னிரண்டு அது.

சீனுவுக்கு சைக்கிள் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இறுக்கமான டவுசரை மாட்டிக்கொண்டு விக்கிரவாண்டி டோல்கேட் வரை மிதிப்பான். அங்கே எட்டு இட்லியைத் தின்றுவிட்டு உடம்பு இளைத்துவிட்டது என்று திரும்பி வருவான். அந்தக் கோஷ்டி. ஆனால் நல்ல பையன். சித்ரா என்கிற பெண்ணுக்காக மூன்று வருஷம் இரண்டு வீட்டிலும் கெஞ்சி, ஒருவழியாக நிச்சயமும் ஆயிற்று. அவள் அப்பா கோதண்டபாணிக்குத் திண்டிவனத்தில் ரைஸ் மில்.

கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்கள் தங்க வேண்டுமே என்று மில் குடோனைச் சுத்தம் செய்தார்கள். அப்போதுதான் உமி மூட்டைகளுக்கு அடியில் அந்த பிரேம் கிடைத்தது. மாமனார் ஊரில் இல்லை. துருப்பிடித்த இரும்பைக் கேட்டு என்ன எடுப்பது என்று சீனு தூக்கி வந்துவிட்டான். அங்கே பிடித்தது சனி.

ரூமில் ஆணி அடித்து மாட்டினான். மேலே தடிமனாகக் கறுப்பு பெயின்ட். இந்த சைக்கிள் பைத்தியங்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பழைய பிரேம் கையில் கிடைத்தால் எந்த நாடு, எந்த வருஷம், யார் செய்தது என்று தெரியாமல் சோறு இறங்காது. பெயின்டைச் சுரண்டினான். பெடல் அச்சு உட்காருகிற குழாய்க்கு அடியில் ஒரு நம்பர் தெரிந்தது. சரி, குழாய் வாயை மூடியிருக்கிற கப்பைக் கழற்றி உள்ளே பார்க்கலாம் என்றால் வரவில்லை. மூன்று நாள் மல்லுக்கட்டினான். திருப்பத் திருப்ப இறுகியதே தவிர, அசையவில்லை.

மூன்றாவது நாள் ராத்திரி... சத்தம் கேட்டது.

டிக்... டிக்... டிக்... டிக்...

மிதிக்காமல் சும்மா உருட்டினால் பின் சக்கரத்தில் வருமே, அந்தச் சத்தம். லைட்டைப் போட்டால் நின்றது. அணைத்தால் வந்தது. ஆணியில் தொங்குகிற பிரேமுக்குத்தான் சக்கரமே கிடையாதே! ரூம் முழுக்க ஒரு வாடை வேறு. வேர்வையும் ரத்தமும் கலந்த வாடை.

மறுநாள் திண்டிவனத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அப்பாதுரை என்று ஒரு பழைய சைக்கிள் மெக்கானிக். கப்பை ஸ்பானரில் பிடித்து, சீனு திருப்பியதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு திருப்பு. பட்டென்று கழன்றது. அப்பாதுரை ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"இத்த எங்க புடிச்ச?"

"ஏங்க?"

"நம்மூரு வண்டில செயின் பக்கத்து கப்பு வலது பக்கமா திருப்பனாதான் கழலும். இது இடது பக்கமா கழலுது பாரு. பிரான்சுக்காரன் போட்ட திருகு மரை. நாப்பது வருசத்துல இந்த மாதிரி ஒரே ஒரு வண்டியதான் நான் பிரிச்சிருக்கேன். கிளியனூர் செபஸ்தியானுது."

செபஸ்தியானின் மாமா பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மிலிட்டரி பென்ஷன்காரர். அவர் பிரான்சிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ரேஸ் சைக்கிள். கோயில் திருவிழா சைக்கிள் பந்தயத்தில் மூன்று வருஷம் அவன்தான் முதல். தொண்ணூற்று மூன்றில், பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னால், விடியுமுன் இருட்டோடு ஓட்டிப் பழகப் போனவன் ரோட்டோரம் செத்துக் கிடந்தான். சைக்கிளைக் காணோம். ஊர் வாய் சும்மா இருக்குமா? சைக்கிளை விற்றுக் குடித்துவிட்டு நடுரோட்டில் கிடந்தான், ஏதோ லாரி ஏறிவிட்டது என்று கதை கட்டினார்கள். அதோடு கேஸும் மூடியாயிற்று.

அப்பாதுரை பிரேமின் பின்பக்கக் குழாய்களைத் தடவிக் காட்டினார். இரண்டும் உள்ளே ஒடுங்கியிருந்தன. "ஓட்டிக்கினு போறவன பின்னாலேந்து வந்து இடிச்சிருக்கான். இத்த அவங்க அக்காகிட்ட காட்டு. பத்தொம்போது வருசமா அந்தப் பொண்ணு தேடிக்கினு கெடக்குது."

பிரேம் யாருடைய குடோனில் கிடந்தது என்று அவனுக்குத்தானே தெரியும்!

இருந்தாலும் போனான். அக்கா பெயர் அக்னஸ். மாமா கொடுத்த பிரெஞ்சுக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தாள். அதில் இருந்த நம்பரும் பிரேமில் இருந்த நம்பரும் ஒன்று. அழவில்லை. பிரேமை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எந்தம்பி குடிகாரன் இல்லன்னு இப்பவாச்சும் தெரிஞ்சுதா? தம்பி, இத்த எங்க எடுத்தீங்க? அது ஒண்ணு சொல்லுங்க. போலீசு கோர்ட்டுன்னு நான் போவ மாட்டேன். எவன்னு தெரிஞ்சா போதும்."

உண்மையைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். சித்ரா கிடைக்க மாட்டாள்.

"காயலான் கடையிலங்க."

"மெய்யாலுமா?"

"சத்தியமா."

பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து தருகிறேன் என்று பிரேமை எடுத்தான். அக்னஸ் தடுக்கவில்லை. "எடுத்துக்கினு போங்க. நீங்க சொல்லலன்னா அவன் சொல்லுவான்" என்றாள்.

பாவி, நேராக மாமனாரிடம் போய் நின்றான். கோதண்டபாணி கதவைச் சாத்தினார். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார்.

"ஜீப்புல வந்துக்கினு இருந்தேன். கண்ணசந்துட்டேன். எறங்கி பாத்தா உயிரு இருந்துச்சு... தண்ணி கேட்டான். ஜீப்பு பெயின்ட்டு சைக்கிள்ல ஒட்டிக்கினு இருந்துச்சு, அதான் அத்த தூக்கி போட்டுக்கினு வந்துட்டேன். மாப்ள, பொண்ணு வேணும்னா வாய மூடு. கல்குவாரி தண்ணில கடாசிட்டு வந்துடலாம்."

தண்ணீர் கேட்டவனை விட்டுவிட்டு சைக்கிளைத் தூக்கி வந்திருக்கிறான் மனுஷன்! சீனுவும் அதற்குத் தலையாட்டினான். எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்படித்தான் அந்தக் கார் கிளம்பியது. நாலு பத்துக்கு புளியமரச் சாலையில் போகும்போது பின் சீட்டில் ஆரம்பித்தது. டிக்... டிக்... டிக்... அந்த வாடையும் வந்தது. ஹெட்லைட் வெளிச்சத்தின் கடைசியில் ஒருத்தன் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். வெள்ளை பனியன். முதுகு மட்டும் தெரிந்தது. கோதண்டபாணி ஆக்சிலேட்டரை மிதித்தார். எண்பது. தொண்ணூறு. நூறு. இடைவெளி குறையவில்லை. அவன் ஆடாமல் அசையாமல் அதே இடத்தில் மிதித்துக்கொண்டிருந்தான்.

அப்புறம்... கார் தானாக நின்றது.

கோதண்டபாணி இறங்கினார். பின் கதவைத் திறந்து பிரேமை எடுத்தார். சீனு உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டினான். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, ரோட்டில் பிரேமை நிறுத்தி, காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். சக்கரமில்லாத பிரேம்... விழவில்லை. போயிற்று. டிக் டிக் டிக் என்று இருட்டுக்குள் போயே போய்விட்டது.

காலையில் அக்னஸ் வீட்டு வாசலில் கிடந்தார். உயிர் இல்லை. உள்ளங்கால் இரண்டிலும் தோல் இல்லை. வேட்டி ஓரமெல்லாம் செயின் கிரீஸ். பக்கத்தில் பிரேம். டாக்டர் கையைப் பிசைந்தார். மாரடைப்பு என்றுதான் எழுதினார்.

அத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? கல்யாணம் நின்றது. துக்கம் முடிந்த வாரத்தில் சீனுவின் கால்கள் ஆரம்பித்தன. விடிவதற்கு முன்னால், படுத்தபடியே, கண் மூடியபடியே... மிதிக்கும். விடிந்தால்தான் நிற்கும். கட்டிலோடு கயிறு போட்டுக் கட்டினார்கள். கட்டில் நகர்ந்தது. ஆஸ்பத்திரி, மந்திரிப்பு, மாதா கோயில் எண்ணெய், ஒன்றும் பலிக்கவில்லை. இரண்டே மாதத்தில் எலும்பும் தோலுமாகிவிட்டான். உள்ளங்காலில் தோல் உரிய ஆரம்பித்தது.

பச்சைமுத்து போய் அக்னஸ் காலில் விழுந்தான். ஒரு வார்த்தை மன்னித்தேன் என்று சொல்லம்மா, பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று கதறினான். அவளை விழுப்புரத்துக்கு அழைத்து வந்த வண்டியை ஓட்டியவன் நான். அதனால்தான் சொல்கிறேன்.

விடியற்காலை. பையன் மிதித்துக்கொண்டிருந்தான். அக்னஸ் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு குனிந்து இரண்டு கணுக்காலையும் பிடித்தாள். சட்டென்று நின்றன. இரண்டு மாதமாக எத்தனை பேர் பிடித்தும் நிற்காத கால்கள்! பச்சைமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். சீனு கண்ணைத் திறந்தான்.

"அக்கா... மன்னிச்சிடுங்க. கோதண்டபாணி குடோன்லதான் எடுத்தேன். பொய் சொல்லிட்டேன்."

"கேட்ட அன்னிக்கு சொல்லியிருக்கணும் தம்பி," என்றாள். கோபமே இல்லாத குரல். தலையைத் தடவிக் கொடுத்தாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அவள் கணுக்கால்களை விட்டாள். நிமிர்ந்து, கட்டிலின் கால்மாட்டில் யாருமே இல்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ மிதிடா செபஸ்தி."

கால்கள் மறுபடியும் ஆரம்பித்தன. முன்னைவிட வேகமாக.