நாளைக்கு ஆமி வருகுது

“நாளைக்கு எங்கட வீட்டுக்கு ஆமி வருகுது அக்கா.”

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரப் பேருந்தில் எனக்கு முன்னால் இருந்த பெண் சிரித்தபடி சொன்னார். ராணுவம் என்றதும் பக்கத்தில் இருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“எந்த ஆமி?”

“ஜெர்மன் ஆமிதான், என்ர மகள் அதிலயெல்லே இருக்கிறாள். ரெண்டு தரம் மறுத்த லீவு இப்ப அவளுக்குக் கிடைச்சிட்டுது. லித்துவேனியாவில அவளோட நிக்கிற ஒல்லாந்துப் பெட்டையும் பெல்ஜியம் பெடியனும் கூட வருகினம்.”

“லித்துவேனியாவோ? நீ ஜெர்மனிக்கு வரேக்க லொறிக்குள்ள ஒளிச்சுக் கடந்த நாடெல்லே அது?”

“ஓம். இப்ப அதை என்ர பிள்ளை காக்கிறாள்.”

“உன்னைப் போல ஒருத்தி வந்தால்?”

“அவளிட்டைக் கேட்டனான். முதல் தேத்தண்ணி குடுத்து, பிறகு அகதி அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதுற இடத்தைக் காட்டுவாளாம்.”

“கெட்டிக்காரி.”

“முந்தி ஊரில ஆமி வருகுதெண்டால் அடுப்பை அணைச்சுப்போட்டு ஓடுவம். நாளைக்கு மூண்டு நாட்டு ஆமிக்கு இடியப்பம் அவிக்கவேணும்.”

“தனிய ஏலாது. நானும் வாறன்.”