ஆட்டுக் கேஸுக்கு யார் பீஸ் கொடுப்பது?

ராயபுரம் போகும் டிராமில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இருவரும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். கோர்ட்டிலிருந்து சேர்ந்தே திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒல்லியானவர் சொன்னதைக் கேட்டதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என்னைத் திருடன்னு புடிச்சுக் குடுத்தது நீ. என் வக்கீல் பீஸும் நீதான் குடுக்கணும்."

"நான் இன்னா மாமு பண்றது? ஆட்டைக் காணோம். உன் வூட்டாண்ட புழுக்கை கெடந்துச்சு. போலீஸ்ல சொன்னேன்," என்றார் தடித்தவர்.

"ஆடு மீஞ்சூர்ல உன் மச்சினிச்சி வூட்லல்ல இருந்துச்சு! உன் சம்சாரமே ஓட்டினு போய் வுட்டுட்டு வந்துகீது."

"அதான் கேஸு தள்ளுபடி ஆயிடிச்சே."

"கேஸு தள்ளுபடி, பீஸு? ஜட்ஜய்யாவையே கேட்டேன். சர்க்கார் குடுக்காதாம். நீ வேணும்னே பொய் சொல்லியிருந்தா உன்னைக் குடுக்கச் சொல்லுவாராம். ஆனா நீ நெசம்னு நம்பித்தான் சொன்னியாம்."

"நம்பித்தான் சொன்னேன்!" தடித்தவர் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப யாருதான் தர்றது?"

தடித்தவர் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"ஆட்டை ஓட்டினு போனது என் சம்சாரம். நாயமா அவதான் தரணும். வூட்டுக்கு வந்து நீயே கேளு."

ஒல்லியானவர் பதறிப்போய் இரண்டு கையையும் கூப்பினார்.

"அதுக்குப் பதிலா நான் கோர்ட்டுக்கே திரும்பிப் போய், ஆட்டைத் திருடுனது நான்தான்னு ஒத்துக்கறேன் நைனா."

தடித்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் வந்து சாட்சி சொல்றேன்."