இரண்டு முறை மின்னும் விளக்கு

காரைப் பூட்டுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்களும் பார்க்கவில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. நேற்று புந்தோங்கில் என் கடை முன்னால் காரை நிறுத்திவிட்டு, நடந்துகொண்டே கையைப் பின்னால் நீட்டிப் பொத்தானை அழுத்தினீர்கள். பூட்டியிருந்தால் விளக்கு இரண்டு முறை மின்னும். அதைப் பார்க்க ஒரு விநாடி கழுத்தைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். ஈப்போவில் யாருக்கும் அந்த ஒரு விநாடி கிடையாது. இருபத்திரண்டு வருடமாகச் சாவிக்கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

என் பெயர் தர்மா. அது உங்கள் தாளில் இருக்கிறது. நான் மெதுவாகத்தான் பேசுவேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் சாவி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கோர்ட்டில் யாராவது ஒரு வக்கீல் தப்பும் தவறுமாக விளக்குவார். இத்தனை வருடம் தொழில் செய்த எனக்கு அது அவமானம்.

ரிமோட் வேறு, சில்லு வேறு. ரிமோட் கதவைத் திறக்கும், பூட்டும், 'பீப்' என்று கத்தும். அதற்குள் ஒரு பேட்டரி இருந்தால் போதும். சில்லு அப்படியில்லை. சாவியின் தலைக்குள் அரிசி அளவுக்குக் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். அதற்குப் பேட்டரியும் வேண்டாம், சத்தமும் கிடையாது. சாவியைத் திருகும்போது 'நீ யார்?' என்று கார் அதைக் கேட்கும். சில்லு தன் எண்ணைச் சொல்லும். எண் சரியென்றால் என்ஜின் ஓடும். எண் தப்பென்றாலோ, சில்லே இல்லையென்றாலோ, இரண்டு விநாடி உறுமிவிட்டு அணைந்துவிடும். கதவு திறக்கும், விளக்கு எரியும், ரேடியோ பாடும், கார் மட்டும் நகராது. உடனே நம் ஆட்கள் பேட்டரி என்பார்கள், பெட்ரோல் என்பார்கள், கண்திருஷ்டி என்பார்கள். சாவியை மட்டும் ஒருவரும் சந்தேகப்படமாட்டார்கள். அதுதான் கதவைத் திறந்துவிட்டதே.

பத்துமலை என் தங்கை மங்களத்தின் கணவன். கோப்பெங்கைத் தாண்டி உள்ளே, முன்பு கித்தா மரத்தில் ரப்பர் பால் வெட்டிய தோட்டமாக இருந்து இப்போது செம்பனைக் காடாகிவிட்ட இடத்தில், பழைய லயத்து வீட்டில் இருந்தார்கள். மெயின் ரோட்டுக்கு வர ஒன்பது கிலோமீட்டர் செம்மண் பாதை. எட்டு வீடுகளில் நான்கில்தான் ஆள். வீட்டுமனை தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தவர்கள் வந்து கொடுக்கட்டும், அதுவரை நகரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தான். ரோஷக்காரன். ரோஷம் உலகத்தில் தனக்கு மட்டும்தான் உண்டு என்கிற நினைப்பும் இருந்தது.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவன் என்னை ஒரு தடவைகூட மச்சான் என்று கூப்பிட்டதில்லை. "என்னா சாவிக்கடை, சாப்டியா?" என்பான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மரியாதை கேட்டு வாங்குகிற ஆள் நானில்லை.

பழைய கார் ஒன்று வேண்டும் என்றான். காம்பாரில் தேடிப் பிடித்துக் கொடுத்தவன் நான். என்ஜினைக் காது வைத்துக் கேட்டவன் நான். இரண்டு சாவியையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தவனும் நான்தான். முன்பணத்துக்காக அவன் தன் மோட்டார் சைக்கிளை விற்றான். அப்புறம் தோட்டத்து வாசலில் இருக்கும் முனியாண்டி கோவிலில் பூசை. வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாவி இரண்டையும் தாம்பாளத்தில் வைத்து சாமி பாதத்தில் வைப்பார்கள். நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். பூசாரி சந்தனம், குங்குமம் வைத்த சாவியை எடுத்துக் குடும்பத்தில் ஒரு பெரியவர் கையில் கொடுப்பார். அவர் பழத்தை நசுக்கி முதலில் ஓட்ட வேண்டும். பெண் வீட்டில் மூத்தவன் நான். கையை நீட்டிவிட்டேன்.

"சாவிக்கடை கையில குடுக்காதீங்க சாமி, டூப்ளிகேட் போட்டுருவான்லா," என்றான் பத்துமலை.

எல்லோரும் சிரித்தார்கள். மங்களமும் சிரித்தாள். சாவியை அவன் வேலை செய்யும் லாரி கம்பெனியின் முதலாளி, தவுக்கே சிவசுப்பிரமணியன் கையில் கொடுத்தான். அவர் ஓட்டினார். ஒரு பழம் நசுங்காமல் உருண்டு வந்து என் செருப்பில் இடித்தது. நான் அதை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன். கோவில் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா?

இதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நடந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. நான் மறந்தே போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பிடப் போனேன். கோழிக்கறி. மங்களம் ஈரலைத் தனியாக எடுத்து என் தட்டில் வைத்தாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் செய்வாள். சாப்பிட்டுவிட்டு பத்துமலை படுத்துவிட்டான், அவள் வீட்டுப் பின்புறம் பாத்திரம் கழுவினாள். ஒரு சாவி கதவோரம் ஆணியில் தொங்கியது. இன்னொன்று சாமி மேடையில், பூசையன்று வைத்த குங்குமத்தோடு அப்படியே கிடந்தது. அவசரத்துக்கு வேண்டிய சாவியைச் சாமியிடம் கொடுத்து வைப்பது நம் ஆட்களின் பழக்கம். இரண்டையும் பிளந்து சில்லுகளை எடுத்தேன். ஒன்றுக்கு இரண்டு நிமிடம். மாத்திரைக் குப்பி ஒன்றில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மேடையில் இருந்த சாவியில் குங்குமம் மூடியின் விளிம்போடு விரிசல் விட்டிருந்தது என்று நேற்று கண்டுபிடித்தீர்களே, கெட்டிக்காரர்தான் நீங்கள். நான் அதைக் கவனிக்கவில்லை. தொழிலில் அது குறைதான், ஒப்புக்கொள்கிறேன்.

என் எண்ணம் மிகச் சின்னது. கார் ஓடாது. அவன் கூப்பிடுவான். ஒழுங்காகக் கூப்பிடுவான். நான் போவேன், சரிசெய்வேன், அவள் காப்பி கொடுப்பாள். ஒரு குடும்பம் சேர்ந்திருக்க இதைவிட நல்ல வழி உண்டா?

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டான்.

"சாவிக்கடை, காடி உறுமிட்டு நின்னு போவுதுலா. கதவு தெறக்குது, வேற ஒன்னும் ஆவல. வந்து பாரு."

"இன்னிக்கு வேல இருக்கு. புதன்கிழம வாரேன்."

"புதனா? நான் வேலைக்கு எப்புடிப் போவேன்?"

"ஒன் தவுக்கேவ வந்து ஓட்டச் சொல்லு," என்றேன்.

போனை வைத்துவிட்டான். அதனால் அன்று அவன் வேலைக்குப் போகவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கார் ஓடியிருந்தால் அவன் ஏழரைக்கே கிளம்பியிருப்பான், பாம்பு கொத்தும்போது அவள் தனியாக இருந்திருப்பாள். புருஷன் பக்கத்தில் இருந்தான் என்றால் அது என்னால். இதற்கு யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

பத்தேகால் மணிக்கு மறுபடி கூப்பிட்டான். பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"மச்சான், மங்களத்த பாம்பு கொத்திருச்சு. நாகம். தேங்கா மட்ட எடுக்கக் கைய விட்டிருக்கா. காடி ஓடல மச்சான். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாவும்ங்கிறான். வா மச்சான்."

மூன்று முறை. பத்தொன்பது வருடத்துக்கும் சேர்த்து.

அவன் பொய் சொல்கிறான் என்று நினைத்ததாகச் சொன்னால் கேஸுக்கு நல்லது என்றார் என் வக்கீல். இல்லை, நான் நம்பினேன். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். ஆடியது. தே தாரிக் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். மற்ற வீட்டு மோட்டார்களெல்லாம் வேலைக்குப் போயிருந்தன, என்னை விட்டால் அவர்களுக்கு யாருமில்லை. வேனை எடுத்து முப்பத்தைந்து நிமிடத்தில் அங்கே நின்றேன். பக்கத்து வீட்டுப் பாப்பா அக்கா சாட்சி. எவ்வளவு வேகமாக வந்தேன் என்று சொல்வார்.

மங்களத்தை வாசலில் பாயில் கிடத்தியிருந்தார்கள். பாப்பா அக்கா கையை அசைக்காமல் பிடித்திருந்தார். வலது கை முழங்கை வரை வீங்கியிருந்தது. கண் இமை பாதி இறங்கி, தூக்கக்கலக்கத்தில் இருப்பவள் போலிருந்தாள். மூச்சு இருந்தது, பேச்சும் இருந்தது. கொஞ்சம் குழறியது.

நான் நேராக அவர்கள் காருக்குப் போனேன். வேனில் இருந்த மெஷினை எடுத்துச் செருகினேன். சாவி எல்லாம் தொலைந்துபோன காருக்குப் புதுச் சில்லின் எண்ணைப் பழக்கும் வேலை. இந்த மாடலில் மெஷினைச் செருகியதும் பத்து நிமிடம் சும்மா காத்திருக்க வேண்டும். கார் வேண்டுமென்றே ஒன்றும் செய்யாது. திருடன் அவசரக்காரன், பத்து நிமிடம் பொறுக்கமாட்டான், பொறுத்திருப்பவன் சொந்தக்காரன் என்பது அதைக் கண்டுபிடித்தவனின் கணக்கு. நான் பொறுத்திருந்தேன்.

பத்துமலை பொறுக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டான். பூசைக்குக்கூட அவன் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. "மச்சான், எவ்ளோ நேரமாவும்? மச்சான், ஏதாச்சும் பண்ணு மச்சான்." அதன்பிறகு நான் எண்ணவில்லை.

பத்து நிமிடம் ஆனது, சில்லைப் பழக்க இன்னும் ஆறு நிமிடம். கார் ஓடியது. பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனான். சிம்பாங் பூலாய் சிக்னல் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது என்றார்கள். இன்னும் பதினைந்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் மூச்சுக்குக் குழாய் வைத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் உங்களிடம் சொன்னாராம். டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த மாத்திரைக் குப்பி எங்கே இருந்தது என்று கேட்டீர்கள். கடையில் என்று சொன்னேன். அது தப்பு, திருத்திக்கொள்ளுங்கள். என் சட்டைப் பையில்தான் இருந்தது. பழைய சில்லைத் திரும்ப வைக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் பத்துமலை என் தோளுக்குப் பின்னாலேயே நின்றான். அவன் கண்முன்னால் என் பையிலிருந்து அவன் கார்ச் சில்லை எடுத்து வைக்க முடியுமா? என்ன நினைப்பான்? இப்போதுதான் மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறான்.

இன்னொன்று, யாரும் கேட்காதது. நீங்களும் கேட்கவில்லை. நான் வந்தது நல்ல ஓட்டத்தில் இருக்கும் என் வேனில். பின்னால் மெஷின்களும் சாமான்களும் அடைத்திருந்தன, உண்மைதான். முன்சீட் காலியாக இருந்தது. நான் இறங்கி நடந்தபோதே பத்துமலை அவளைத் தூக்கிக்கொண்டு வேனுக்குத்தான் ஓடினான். ஒரு கையால் கதவை இழுத்தான், கண்ணாடியைத் தட்டினான். "அதுல எடமில்ல, ஒன் காடியில படுக்க வைக்கலாம், அஞ்சு நிமிசம்," என்றேன். வேனில் கொண்டு போயிருந்தால் கார் அங்கேயே நின்றிருக்கும். நாளைக்கு வேறொரு மெக்கானிக் வந்து சாவியைப் பிளந்து, உள்ளே காலியாக இருப்பதைப் பார்ப்பான். அதற்கப்புறம் அந்த வீட்டில் எனக்கு என்ன மரியாதை?

மங்களம் சிரித்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிரிக்கும்போது அவள் வலது கையால் வாயைப் பொத்திக்கொள்வாள், பாம்பு கொத்தியதும் அதே கையில்தான். அது தற்செயல்.

அவள் என்னைப் பார்த்து, "அண்ணே, ஒன் வேன்லயே போலாம்ணே," என்றாள். குழறலாகத்தான் சொன்னாள், ஆனால் எனக்குப் புரிந்தது. என் கையில் வேன் ரிமோட் இருந்தது. வந்து இறங்கியதும் ஒரு தடவை அழுத்தியிருந்தேன், இருந்தாலும் இன்னொரு தடவை அழுத்தினேன். எல்லாரையும் போல அழுத்திவிட்டுப் போகிறவன் நானில்லை, அம்மா. நான் திரும்பிப் பார்த்தேன். விளக்கு இரண்டு முறை மின்னியது.