மூன்று பொட்டலம்

உங்கள் ஆஸ்பத்திரி கேன்டீன் இட்லி பரவாயில்லை, டாக்டரம்மா. சட்னிதான் தண்ணீர். போன வருஷம் என் பெண்டாட்டி ரேணுகாம்பாளோடு வந்தபோதும் இதே தண்ணீர்தான்.

அவள் ஏன் ஆபரேஷனுக்குத் திரும்பி வரவில்லை என்று கேட்டீர்கள். சொல்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

நுரையீரலில் சின்னக் கட்டி, ஆரம்பம்தான், எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்றீர்கள். இரண்டு வழி சொன்னீர்கள். விலா இடுக்கில் ஓட்டை போட்டு, கேமரா விட்டு, டிவியைப் பார்த்தபடி நீங்களே நீளக் கருவியைப் பிடித்து அறுப்பது ஒன்று. இன்னொன்று ரோபோ. ஓட்டை அதே ஓட்டைதான். நீங்கள் ஓரமாக உட்கார்ந்து ஆட்டினால், அதன் கை உள்ளே மணிக்கட்டு மாதிரி வளையுமாம். செலவு கூட. இவளுக்கு எதுவானாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்றீர்கள். ஒன்றுதான் என்றால் இரண்டு எதற்கு? காஞ்சிபுரத்துப் புடவைக் கடைக்காரனும் இப்படித்தான் இரண்டை விரித்துப் போடுவான். எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை.

அவளுக்கு இருந்தது. "எதுல சீக்கிரம் எழுந்து நடக்கலாம்மா? பொன்னி வூட்ல மாடிப்படி இருக்குது," என்று உங்களைக் கேட்டாள். நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. பொன்னி எங்கள் மகள், செவிலிமேட்டில் இருக்கிறாள். என் பீடிப் புகையில் அம்மா இனி இருக்கக் கூடாது, ஆபரேஷன் முடிந்தால் தன்னோடுதான், திருப்பி அனுப்ப மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். பீடியை விட்டால் நானும் வரலாமாம். நான் எதற்கு விட வேண்டும்?

எங்கள் ஊர் தாமலுக்குத் திரும்புகிற பஸ்ஸில், ரோபோவா கேமராவா என்று அவளுக்கே குழப்பம். "அம்மங்கிட்ட பூ கட்டிப் பாத்துடலாம்யா," என்றாள். எங்கள் பக்கம் பெண் கட்டுவதோ போர்வெல் போடுவதோ, எல்லாம் அப்படித்தான். பூவைப் பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது. வெள்ளைப் பூ ரோபோ, சிவப்பு கேமரா. வேப்பிலையும் ஒன்று கட்டலாம், அது வந்தால் கத்தியே வேண்டாம், அம்மனே பார்த்துக்கொள்வாள் என்று நான்தான் சேர்த்தேன்.

"கட்டு, கட்டு. அதெல்லாம் வராதுயா," என்றாள்.

கட்டியது நான். மூன்றிலும் வேப்பிலை.

நடுவில் இருந்ததை எடுத்தாள். பிரித்துப் பார்த்து, இலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சரிதான்யா. அவ சொல்லிட்டா," என்றாள். மற்ற இரண்டையும் பிரி என்று கேட்கவில்லை. கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். போகிற வழியில் ஏரியில் போட்டேன்.

பொன்னி அழுதாள், சண்டை போட்டாள். அம்மன் வாக்கை மீறினால் பெற்றதுகளுக்கு ஆகாது என்று இவள் அசையவில்லை. என்னோடே இருந்தாள். நன்றாகத்தான் இருந்தோம். இருமிக்கொண்டே மீன் குழம்பு வைப்பாள். உப்பு ஒரு நாளும் தப்பாது. தை மாதம் போய்ச் சேர்ந்தாள்.

கொன்றுவிட்டேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தை எடுத்தது அவள் கை.

இப்போது என் நெஞ்சிலும் கட்டி என்கிறீர்கள். சின்னதுதான், ஆரம்பம்தான். பூ கட்டிப் பார்க்கலாமா என்று வெளியே பொன்னி கேட்டாள். வைத்திய விஷயத்தில் அம்மனை இழுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ரோபோவோ கேமராவோ, எது நல்லதோ நீங்களே பார்த்துச் சீக்கிரம் செய்யுங்கள்.

பீடியை நேற்றே விட்டுவிட்டேன்.