மஞ்சள் பொட்டு

துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றப் பொறுமை வேண்டும், ஐயா. எனக்கு அது நிறையவே உண்டு. என் தம்பிக்குக் கிடையாது. ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவான். உடைந்தால் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவான். அப்படியும் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்துகிறவர்கள் என்னைப் பார்த்து, "சின்னவர் இல்லையா?" என்றுதான் கேட்பார்கள்.

அந்தப் பழைய பிக்கப் வண்டி அப்பாவுடையது. அதன் அடியில் படுத்துப் படுத்தே வேலை கற்றவன் நான். கண் மங்கியதும் அப்பா சாவியைத் தம்பி கையில் கொடுத்தார். "பெரியவன்கிட்ட குடுத்தா துடைச்சுத் துடைச்சே நிறுத்தி வச்சிருவான்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

போன மாதம் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. ஸ்பிரிங் பட்டைகள் துருவேறி, தொட்டால் ஏடு ஏடாக உரிந்தன. "நீ பண்ணினாதான்ணா எனக்கு நிம்மதி," என்று தம்பி விட்டுவிட்டுப் போனான். அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று நாள் உழைத்தேன். புதுப் பட்டைகள், அவற்றை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யு-போல்ட்டுகள், எல்லாவற்றையும் மாற்றினேன். அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை. அப்பா வந்து வண்டியைச் சுற்றித் தடவிப் பார்த்தார். "சின்னவன் வண்டிய நல்லாத்தான் வச்சிருக்கான்," என்றார்.

புதுப் பட்டை ஓடிப் படிந்ததும் நட்டுகள் தளரும். அதனால் ஒரு வாரம் கழித்து வண்டியைத் திரும்ப வரவழைத்து, மறுபடி இறுக்கி, ஒவ்வொரு நட்டின் மேலும் மஞ்சள் பெயின்டில் ஒரு புள்ளி வைப்போம். எங்கள் பட்டறையில் அதற்குப் பொட்டு வைப்பது என்று பேர். ஒருவர் பொட்டு வைத்த நட்டை இன்னொருவர் ஸ்பேனரால் தொட்டுப் பார்த்தால், வைத்தவரை அவமதித்த மாதிரி. தம்பி இந்த விஷயத்தில் மரியாதை தெரிந்தவன்.

சொன்ன நாளில் வந்தான். "நாளைக்கு மலைக்குச் சரக்கு ஏத்திட்டுப் போறேன்ணா. அப்பாவும் வர்றேன்னாரு. பொட்டு வச்சிரு." என்னை யாரும் கூப்பிடவில்லை. முப்பது வருஷத்தில் நான் ஓட்டிய எந்த வண்டியிலும் அப்பா அப்படி ஆசைப்பட்டு ஏறியதில்லை.

அடியில் படுத்தேன். நட்டுகள் எதிர்பார்த்தபடியே கொஞ்சம் தளர்ந்திருந்தன. வலது பக்கம் நான்கையும் ஒழுங்காக இறுக்கினேன். இடது பக்கம் நான்கையும் இன்னும் சில சுற்றுத் தளர்த்தினேன். பிறகு எட்டுக்கும் பொட்டு வைத்தேன். புள்ளிகள் வட்டமாகவே விழுந்தன.

தம்பி குனிந்து மஞ்சளை மட்டும் பார்த்தான். "ஆச்சாண்ணா?"

"ஆச்சு," என்றேன்.

இறக்கத்து வளைவில் பின் அச்சு நகர்ந்தது. அப்பா அங்கேயே போய்விட்டார். தம்பிக்குக் கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் உங்கள் ஆட்களிடம் அவன் சொன்னது உங்கள் தாளிலேயே இருக்கும். "அண்ணன் வச்ச பொட்டு, அதுல தப்பே இருக்காது. நான்தான் பாரத்த அதிகமா ஏத்திட்டேன். என் தப்புதான்." கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அத்தை அவன் தலையைத் தடவினாள். சித்தப்பா அவன் கையை விடவே இல்லை. நான் சுவரோரமாக நின்றேன். எனக்கும் அப்பா செத்திருந்தார். அது யாருக்கும் நினைவில் இல்லை.

அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். மனசாட்சி உறுத்தியது என்றெல்லாம் எழுத வேண்டாம். பொறாமை என்றும் எழுத வேண்டாம், அது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம். இடது பக்கத்து நான்கு நட்டும் என் கை வேலை, ஐயா. இதையாவது அவன் பேரில் எழுதிவிடாதீர்கள்.